எலவனாசூர்கோட்டை... என் இனிஷியல்!

நாயனக்காரங்க பேரை கவனிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஊர் பேர் முன்னாடி கம்பீரமா நிக்கும். தோடிக்குப் பேர்போன திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துல எஸ்.ஜானகி குரலுக்கு ஈடுகொடுத்து வாசிச்ச காருகுறிச்சி அருணாசலம். இவங்களை யூடியூபில் தேடித் தேடிக் கேட்கிறதால, காலேஜ் பஸ்ஸில் என் பட்டப்பேரே ‘பிப்பீ’. (போங்கடா!)

ஆனா, நான் நேர்ல கேட்டு வளர்ந்தது எங்க பக்கத்துத் திருவிழாக்கள்ல வாசிக்கிற ஒரு பெரியவரை. போன தை மாசம் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்தான் மேளம்னு தெரிஞ்சதும், புதுசா ஒரு நோட்டே வாங்கிட்டேன்.

தாலி கட்டியாச்சு. கூட்டம் மொத்தமும் பந்திக்கு ஓடிருச்சு. காலி நாற்காலிகளுக்கு முன்னால, கண்ணை மூடி தோடி வாசிச்சுக்கிட்டு இருந்தார் மனுஷர். நான் மட்டும் எதிர்ல. “இலை போட்டாச்சுடா”ன்னு அம்மா கூப்பிட்டும் நகரலை.

முடிச்சு, சீவாளியைக் கழற்றினப்ப நோட்டை நீட்டினேன்.

“மொய் எழுதற இடம் வாசப்பக்கம் தம்பி!”

“இல்லீங்கய்யா... உங்க கையெழுத்து வேணும்.”

துண்டால கையைத் துடைச்சுக்கிட்டார். இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம். என் பேரைக் கேட்டார். “எந்த ஊரு?”ன்னார். நிறுத்தி நிதானமா எழுதினார்.

வாங்கிப் பார்த்தா... வித்வான்களுக்குப் போடுற மாதிரியே ‘எலவனாசூர்கோட்டை’ன்னு முழுசா எழுதி, பக்கத்துல என் பேர்! கீழே அவர் ஊர், அவர் பேர். ‘கோ’ எழுதறப்ப மட்டும் பேனா மக்கர் பண்ணிருச்சு. அதை ரெண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கார்.