சுபேதார் தாத்தாவுக்கு

அன்புள்ள சுபேதார் தாத்தா,

ஒரே தெருவில் இருந்துகொண்டு எதற்கு மடல் என்று கேட்பீர்கள். நேரில் நன்றி என்று ஆரம்பித்தாலே "அதெல்லாம் எதுக்கும்மா" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். இங்கே நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தாத்தா, பசந்தர் போரிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் உங்களை 'மிலிட்டரிக்காரர்' என்றுதான் தெரியும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் மதராஸ் சாப்பர். 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களை ராணுவத்தில் இன்றும் செல்லமாகத் 'தம்பி' என்பார்கள். ஆற்றில் பாலம் போடுவதும், கண்ணிவெடி புதைத்த நிலத்தில் பிறர் போக வழி திறப்பதும் உங்கள் வேலை. 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 15-ஆம் தேதி இரவு, ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் உங்கள் 9-வது எஞ்சினியர் ரெஜிமென்ட் அதைத்தான் செய்தது. பாதி வழிதான் திறந்திருந்தது. எதிரி டாங்கிகள் நெருங்குகின்றன என்ற தகவல் வந்ததும், பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் மீதி வெடிநிலத்துக்குள் அப்படியே இறங்கிவிட்டன. மறுநாள் தன் டாங்கியிலேயே உயிர்விட்ட 21 வயது அருண் கேத்தர்பாலை, பரம்வீர் சக்கரம் பெற்றவரை, நாடு அறியும். அந்த டாங்கிகளுக்கு முன்னால், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த டிசம்பர் குளிரில் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தவர்களை யாரும் அறிய மாட்டார்கள். அவர்களில் நம் தெருக்காரர் ஒருவர் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

தாத்தா, என் அம்மாவுக்கு நீங்கள் செய்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வீட்டு ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி போட்டு வரும் உங்கள் இன்லேண்ட் கடிதங்களைப் படித்துக் காட்டவும் பதில் எழுதவும், பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அம்மாவைத்தான் கூப்பிடுவார். கடிதம் யார் கையெழுத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்ட நீங்கள், அடுத்த கடிதத்திலிருந்து கடைசியில் அம்மாவுக்கென்று தனியாக இரண்டு வரி எழுதத் தொடங்கினீர்கள். இப்போது எத்தனையாவது படிக்கிறாய், கணக்கில் எத்தனை மார்க் என்று. எல்லையில் இருக்கும் ஒருவர் தன் கணக்கு மார்க்கை விசாரிக்கிறார் என்பது அந்தச் சிறுமிக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! அம்மா வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட வீட்டில் முடிவு செய்தார்கள். அப்போது லீவில் வந்திருந்த நீங்கள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தீர்கள். அம்மாவின் அப்பாவிடம் என்ன பேசினீர்களோ, அம்மா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். எனக்கு அகரம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த வழியில் பார்த்தால், இந்த மடலில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் நீங்கள் கொடுத்தது.

தாத்தா, ஓய்வு பெற்று வந்த பிறகும் நீங்கள் உட்காரவில்லை. ஏரிக்கரையில் விடியற்காலையில், ராணுவத்தில் சேர விரும்பிய பையன்களை 1,600 மீட்டர் ஓடவைத்தது போதாதென்று, அடுத்தவர் வேலைக்காக எத்தனை பஸ் ஏறினீர்கள்! கணவனை இழந்த பெண்களுக்குக் குடும்பப் பென்ஷன் வாங்க டிஸ்சார்ஜ் புக்கையும் பழைய காகிதங்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேலூருக்கும் சென்னைக்கும் நடையாய் நடந்தீர்கள். பஸ் காசுகூட வாங்கியதில்லை என்று அந்த வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள்.

தாத்தா, அந்தக் கால்கள் இப்போது வாசற்படி தாண்டுவதில்லை. கேண்டீன் சாமான் பேரன் வாங்கி வருகிறான். மருந்தும் யாராவது போய் வாங்க வேண்டியிருக்கிறது. நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காகத் தபால்காரர் வீட்டுக்கே வந்தபோது, விரல் ரேகை எந்திரத்தில் பதியவில்லை. கடைசியில் போனில் முகத்தைக் காட்டித்தான் சான்று கிடைத்தது. 2021-இல் வந்த அந்த வசதி எத்தனையோ முதியவர்களைப் படியேறாமல் காப்பாற்றுகிறது. பென்ஷன் வீடு தேடி வருகிற காலத்தில், மரியாதை மட்டும் ஏன் இன்னும் மேடையிலேயே நிற்கிறது? ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. நமக்கோ பொங்கல் நேரம். வீட்டு வேலையில் நினைவே வருவதில்லை. விழாவுக்கு வந்து சேர முடிந்தவர்களுக்குப் பொன்னாடை கிடைக்கிறது. கட்டிலோடு இருப்பவர்கள்தான் பெரும்பாலும் மூத்தவர்கள், அதிகம் பார்த்தவர்கள். முதல் மரியாதை அவர்களுக்கல்லவா போக வேண்டும்?

தாத்தா, மரியாதை வீடு தேடிப் போக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1971 வெற்றியின் பொன்விழாவுக்காக 2020 டிசம்பர் 16 அன்று டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் சுடரிலிருந்து நான்கு தீபங்கள் ஏற்றப்பட்டன. நான்கு திசைக்கும் புறப்பட்ட அவை பரம்வீர், மகாவீர் சக்கரம் பெற்றவர்களின் ஊர்களுக்கும் போயின. தீபம் ஊர் தேடிப் போகலாம் என்றால், நாங்கள் நாலு வீடு தாண்டி வரக்கூடாதா?

தாத்தா, அந்த நினைவகத்துச் சுவரில் உங்கள் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியின் பெயரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அந்தப் போரில் உயிர்கொடுத்து மகாவீர் சக்கரம் பெற்றவர். டெல்லி ரயில் இனி உங்களுக்கு ஆகாது. நீங்கள் ஏரிக்கரையில் ஓடவைத்த பையன்களில் ஒருவன் இப்போது அங்கேதான் பணியில் இருக்கிறான். வரும் டிசம்பர் 16 காலை அவன் அந்தச் சுவர் முன்னால் நின்று வீடியோ காலில் வருவான். பெயரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். அவன் அவசரப்படுத்த மாட்டான். தெருவே உங்கள் வீட்டில் இருக்கும். அம்மாவும் வருகிறார்.

டிரங்குப் பெட்டியிலிருக்கும் பஸ்சிமி ஸ்டாரையும் சங்ராம் மெடலையும் ஆயாவிடம் சொல்லி எடுத்து வையுங்கள். கோட்டு வேண்டாம், வெள்ளைச் சட்டை போதும். இடது பக்கம் குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். எது முதலில், எது அடுத்தது என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், நான் குத்திவிடுகிறேன்.

உங்கள் கடிதங்களைப் படித்தவரின் மகள்