மூன்று குமிழ்கள்

எம் கித்தாரின் ஒலிபெருக்கிப் பெட்டி நாற்பது வாட்டு ஆற்றலுடையது. விடுதியறையின் மூலையில் ஒரு பழஞ்சாக்கின்மேல் வீற்றிருப்பது. அதன் முகத்தே ஐந்து குமிழ்கள் உள. ‘கெயின்’ ஒலியை முறுக்குவது. ‘வால்யூம்’ அதனைப் பெருக்குவது. எஞ்சிய மூன்றும் பேஸ், மிடில், டிரெபிள் எனப்படும். மெலிவு, சமன், வலிவு என நம் முன்னோர் வகுத்தவற்றை ஓதிய எமக்கு இம்மூன்றும் வேற்றாராகத் தோன்றவில்லை. அவையும் இவையும் முற்றும் ஒன்றல்ல என்று எம் ஆசிரியர் இடித்துரைப்பர்; அஃது உண்மையே. ஆயினும் பழகுதற்கு அவ்வுறவு போதும்.

இசைக்கு ஏற்ப இக்குமிழ்களின் நிலை வேறுபடும். ஜாஸ் வாசிப்போருட் பலர் டிரெபிளைத் தாழ்த்தி ஒலியை உருண்டு திரண்டதாக்குவர். கண்ட்ரி இசைக்கோ டிரெபிள் ஓங்கி, கெயின் அடங்கி, ஒவ்வொரு நரம்பும் தெறித்து ஒலித்தல் வேண்டும். புளூஸின் நிலை இவ்விரண்டினும் நுண்ணிது. மெல்லத் தொட்டால் தெளிந்தும், அழுத்தி மீட்டினாற் சற்றே கரகரத்தும் ஒலிக்கும் விளிம்பிலே கெயினை நிறுத்துவர். அக்கரகரப்பினை வேண்டி 1958-இல் லிங்க் ரே என்பார் தம் ஸ்பீக்கரைத் துளைத்தார். 1964-இல் டேவ் டேவிஸ் என்னும் ஆங்கில இளைஞர் தம் ஸ்பீக்கரின் தாளைச் சவரத்தகட்டாற் கீறினார். எம் தந்தையார் இச்செய்தி கேட்பின் எம் பெட்டியைப் பூட்டியே வைப்பர்!

மெட்டல் வாசிப்போருட் பலர் கெயினையும் பேஸையும் டிரெபிளையும் உயர்த்தி, மிடிலை அறவே தாழ்த்துவர். அறையிலே தனித்திருந்து வாசிப்பார்க்கு இதனினும் இன்பம் பிறிதில்லை. எம்மைக் கெடுத்ததும் இதுவே.

சென்ற ஆண்டு விடுதி விழாவில் எம் நண்பர் ஒருவர் முதன்முறையாகத் தனித்துப் பாடினார். இயல்பாகவே மெல்லிய குரலினர். துணையாக வாசித்த யாம் கெயினை மட்டும் தணித்து, ஏனைய மூன்றையும் அறையில் இருந்தவாறே விட்டோம். டிரம்மும் கீபோர்டும் சேர்ந்தவுடன் எம் கித்தார் எமக்கே கேட்கவில்லை. கூட்டிசையிற் கித்தாரைத் தனித்துக் காட்டுவது மிடிலே. அதனையன்றோ யாம் அகற்றியிருந்தோம்! அஃதறியாது வால்யூமைத் திருகினோம். பேஸ் அரங்கின் சுவரெல்லாம் மோதி முழங்கிற்று. சிற்றொலியில் அடங்கித் தோன்றும் பேஸ், ஒலி பெருகப் பெருகச் செவிக்கு மிகுந்து தோன்றும் என்பதனைப் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இலேயே அளந்து வெளியிட்டனர். யாம் அன்று அதனை அறிந்திலோம். இரண்டாஞ் சரணத்தில் நண்பர் எம்மைத் திரும்பி நோக்கினார். ஊக்குகின்றார் எனக் கருதி இன்னுஞ் சிறிது திருகினோம். மூன்றாஞ் சரணத்தைப் பாடாமலே அவர் மேடையினின்று இறங்கிவிட்டார்.

இப்பொழுதெல்லாம் அரங்கிற்குச் சென்ற பின்னரே குமிழ்களைத் தொடுகின்றோம். வேறொருவரை வாசிக்கச் செய்து, கடைசி வரிசையில் நின்று கேட்கின்றோம். பேஸ் பாதிக்கும் கீழே நிற்கும். மிடில் சற்று மேலே. குரல் எழும் இடங்களில் கித்தாரின் வால்யூமையே தணித்துக்கொள்வோம். அறையில் இவ்வொலி அவ்வளவு இனிதன்று.

அந்நண்பர் எம்மோடு உண்கிறார், நகைத்துப் பேசுகிறார். பாட மட்டும் இசைந்திலர். இவ்வாண்டு விழாவிற்கு இருமுறை வேண்டினோம். தொண்டை சரியில்லை என்றார். விழாவிற்கு இன்னும் பதினொரு நாள்கள் உள. நாளை மாலை பெட்டியை வெற்றரங்கிற்கு எடுத்துச் சென்று, கேட்க மட்டுமாவது வருமாறு அவரை அழைக்க இருக்கின்றோம்.