தெருமுனைப் பிள்ளைகள்

சின்னமனூரில் எங்கள் தெருமுனையில் நின்று நிமிர்ந்தால் மேகமலை தெரியும். பார்வையைத் தாழ்த்தினால் குப்பைமேடு. அம்மேட்டையொட்டிய திண்ணையில், படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர் சிலர் பகலெல்லாம் அமர்ந்திருப்பர். "குப்பையையும் இவர்களையும் ஒருங்கே அகற்ற வேண்டும்" என்று ஜமாஅத் கூட்டத்தில் பேசியவன் நான்தான். கல்லூரி ஆசிரியன் என்னும் செருக்கு அப்போது எனக்கு மிகுதி. பெரியவர் ஒருவர் மட்டும், "குப்பையை வாரிவிடலாம் தம்பி, பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?" என்றார். வாயடைத்து அமர்ந்தேன்.

பின்னர்ச் சென்னையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, விடியலில் மூன்று சக்கர வண்டியுடன் வந்த இளைஞன் ஒருவனைக் கண்டேன். 1989இல் வங்கி அலுவலரான எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தின் ஏற்பாடு அது. தெருவாசிகள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, வீட்டுக்கு வீடு மாதம் ஒரு சிறு தொகை திரட்டி, அதிலிருந்து சம்பளம் கொடுத்தனர். குப்பை பொறுக்கிப் பிழைத்த இளைஞர் பலருக்கு அவ்வாறு வேலை கிடைத்தது. 'தெருவை அழகு செய்பவர்' என்று அவர்களுக்குப் பெயரும் சூட்டினர். அப்பெயர்தான் என்னைச் சுட்டது.

ஊர் திரும்பிப் பெரியவரிடம் கூறினேன். சந்தா திரட்டுவதைத் தாமே ஏற்றார். பன்முறை நடக்க வைத்த வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்று. அத்தாவின் சிக்கனம் ஊரறிந்தது! ஆயினும் பணத்தைவிடப் பெரிய தடை பிள்ளைகளின் வினா: "குப்பை அள்ளத்தான் நாங்களா, சார்?" அதில் நியாயம் இருந்தது. நாம் தொடக் கூசுவதை அவர்கள் மட்டும் ஏன் தொட வேண்டும்? மறுநாள் பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியுடன் மேட்டில் ஏறினார். நானும் ஏறினேன். நண்பகலுக்குள் திண்ணை காலியாயிற்று. அனைவரும் மேட்டில் நின்றனர்.

மக்கியதை வாழைத்தோட்டக்காரர்கள் உரத்திற்கு ஏற்றிச் சென்றனர். மேடு இருந்த இடத்தில் ஒரு விளக்கு, இரண்டு பலகை, நாளிதழ்கள். இரவில் நான் பாடம் சொன்னேன். ஒருவன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறினான். மற்றொருவன் சொல்லாமற் கொள்ளாமல் திருப்பூருக்குப் பேருந்து ஏறிவிட்டான். அதற்கு முந்தைய வாரம் அவன் ஏதோ சொல்ல வந்தபோது, விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் நான் பிறகு வரச் சொல்லியிருந்தேன்.

இப்போது அத்திண்ணையில் புதிய பிள்ளைகள் அமர்கின்றனர். அந்தியில் அவ்வழியே செல்லும்போது நின்று, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறேன்.