துரத்துவோர் இல்லாத ஓட்டம்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளி வினாடி வினாப் போட்டிக்காக ஒரு நோட்டில் கேள்விகளையும் விடைகளையும் எழுதி வைத்திருந்தாள். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு, ‘உலகின் வேகமான விலங்குகள்’. முதல் வரியில் ‘நிலத்தில்: சிறுத்தை’ என்று இருந்தது. தமிழாசிரியர்களுக்கே உரிய வியாதி எனக்கும் உண்டு. பென்சிலை வாங்கிச் சிறுத்தையை அடித்துவிட்டுச் ‘சிவிங்கி’ என்று எழுதினேன். “டீச்சர் தப்புன்னு சொல்லிருவாங்கப்பா” என்று அவள் கலங்கினாள்.

சிறுத்தை நம் மலைகளில் இன்றும் உலவுகிற விலங்கு. மரம் ஏறும், பதுங்கிப் பாயும். ஓட்டத்தில் பெயர் பெற்ற விலங்கு வேறு. மெலிந்த இடுப்பும், நீண்ட கால்களும், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த தடம்போல் கறுப்புக் கோடும் உடைய அதற்குச் சிவிங்கி என்று ஒரு பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதை ஒத்த சொல் வழங்குகிறது. விலங்கு போன பிறகு சொல்லும் மெல்லப் பின்னால் போயிற்று. இப்போது ‘சீட்டா’ என்று ஆங்கிலத்தைத் தமிழில் எழுதுகிறோம், அல்லது சிறுத்தையின் பெயரை இரவல் வாங்குகிறோம்.

மகளுக்காகத் தொடங்கிய வாசிப்பு, வழக்கம்போல் அவள் தூங்கப்போன பிறகும் நீண்டது. முதலில் எண்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் வளர்ந்த சாரா என்ற பெண் சிவிங்கி, 2012இல் நூறு மீட்டர் தூரத்தை 5.95 நொடிகளில் ஓடிக் கடந்தது. உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் எடுத்துக்கொண்ட நேரம் 9.58 நொடிகள். சாரா ஓடியது இரைக்காக அன்று. கயிற்றில் கட்டி இழுக்கப்பட்ட ஒரு பொம்மையைத் துரத்தி ஓடிற்று.

காட்டில் கணக்கு வேறு மாதிரி. போட்ஸ்வானாவில் ஐந்து சிவிங்கிகளின் கழுத்தில் கருவி பொருத்தி, அவற்றின் 367 ஓட்டங்களை அளந்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் பதிவான உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். பெரும்பாலான துரத்தல்களில் அவை அந்த வேகத்தின் அருகில்கூடப் போகவில்லை. சட்டென்று வேகமெடுப்பதும், அதைவிடச் சட்டென்று வேகத்தைக் குறைத்து இரையோடு சேர்ந்து திரும்புவதும்தான் வேட்டையைத் தீர்மானித்தன. அத்தனை திறமைக்கும் ஏறத்தாழ நான்கில் ஒரு ஓட்டம்தான் இரையில் முடிந்தது. ‘உலகிலேயே வேகமான விலங்கு’ என்ற பட்டத்துடன் நான்கில் மூன்று முறை வெறும் வாயோடு திரும்புகிற பிராணியை நினைத்தபோது அதன் மீது எனக்கு ஒரு வாஞ்சை ஏற்பட்டது.

வானத்தில் பொரி வல்லூறு. இரையை நோக்கிச் செங்குத்தாக விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். கடலில் மயில் மீன் 110 கிலோமீட்டர் என்று மகளின் நோட்டில் இருந்தது. எல்லாப் பொது அறிவு நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் முறையாக அளந்தவர்கள் அதில் பாதியைக்கூட அது எட்டுவதில்லை என்கிறார்கள். அந்த வரியையும் அடித்தேன். “இப்படியே போனா எனக்கு ஒரு மார்க்கும் வராது” என்றாள் மகள், மறுநாள் காலையில்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பட்டியலின் இரண்டாவது பெயர். வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிராங்ஹார்ன் என்றொரு பிராணி இருக்கிறது. பார்வைக்கு மான், இனத்தால் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சிவிங்கி சில நூறு மீட்டரில் மூச்சிரைத்து நின்றுவிடும். இது கிலோமீட்டர் கணக்கில் ஓடும். விந்தை என்னவென்றால், அந்தப் புல்வெளியில் இதை இந்த வேகத்தில் துரத்தக்கூடிய விலங்கு எதுவுமே இல்லை. ஓநாய் இதைவிட மிக மெதுவானது. பிறகு எதற்காக இவ்வளவு வேகம்?

ஜான் பையர்ஸ் என்ற உயிரியலாளர் 1997இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடையை முன்வைத்தார். ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் சிவிங்கியைப் போன்ற ஒரு பூனையினம் இருந்தது. ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் இறுதியில், அது அழிந்துபோயிற்று. பிராங்ஹார்ன் இன்னும் அதனிடமிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மறைந்துபோன வேட்டை விலங்குகளின் ஆவிகள் என்ற பொருளில் அவர் அந்த நூலுக்குத் தலைப்பின் ஒரு பகுதியை அமைத்திருந்தார். இந்த விளக்கத்தை ஏற்காத அறிவியலாளர்களும் உண்டு. நான் அறிவியல் படித்தவன் அல்லன். சரி பிழை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஏனென்றால் எனக்கு அந்த ஓட்டத்தைத் தெரியும்.

என் தந்தையார் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். 1989இல் அக்காவின் திருமணத்துக்காகப் பதினைந்தாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கினார். பத்து வட்டி. வசூலுக்கு வருகிறவர் புல்லட்டில் வருவார். அந்த வண்டியின் சத்தம் தெரு முனையில் கேட்கும்போதே அப்பா எழுந்துவிடுவார். தட்டில் சோறு பாதி இருக்கும். கையைக்கூடக் கழுவாமல் பின்வாசல் வழியாக வாழைத் தோட்டத்துக்குள் போய்விடுவார். “அப்பா வெளியூர் போயிருக்காவன்னு சொல்லு” என்று அம்மா என்னை முன்வாசலுக்கு அனுப்புவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. “எலே, ஒங்கப்பன் எங்கல?” என்று அவர் வண்டியை நிறுத்தாமலே கேட்பார். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். அவருடைய பார்வை என்னைத் தாண்டி உள்ளே போகும். தரையில் அந்தத் தட்டு இருக்கும்.

1997இல் அம்மாவின் வழியில் வந்த மனையை விற்றுக் கடனை அடைத்தோம். பத்திரத்தைத் திரும்ப வாங்கி, அதைக் கிழித்து அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகும் தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் அப்பா எழுந்துவிடுவார். எழுந்த பிறகுதான் நினைவு வரும். பிறகு தண்ணீர் எடுக்க எழுந்ததுபோல் பாவனை செய்வார். நாங்களும் பாராததுபோல் இருப்போம். 2014இல் இறக்கும்வரை அவர் ஒரு நாளும் நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வசூல் செய்ய வந்தவர் அவருக்கு முன்பே இறந்துபோயிருந்தார். அந்தச் செய்தியைச் சொன்னபோதுகூட அப்பா “அப்படியா” என்றாரே தவிர, அவருடைய கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வல்லநாட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதற்குப் பிறகுதான். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற சாலையில் எத்தனையோ முறை அந்தக் குன்றைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன், இறங்கியதில்லை. 1987இல் அங்கே வெளிமான்களுக்குச் சரணாலயம் அமைத்தார்கள். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அது. சங்க இலக்கியம் பயில்வோர்க்கு அந்த மானை இரலை என்றால் எளிதில் விளங்கும். முறுக்கிய கொம்புடைய ஆண்மானும் அதன் பிணையும் இல்லாமல் முல்லைத் திணை ஏது?

இந்த இரலையும் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும். அதைத் துரத்தியது சிவிங்கி. முகலாய அரசவைகளில் சிவிங்கிகளைப் பழக்கி, இரலை வேட்டைக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். நம் நாட்டில் சிவிங்கியின் பழைய எல்லை தெற்கே திருநெல்வேலிச் சீமைவரை இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். 1947இல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கோரியா சமஸ்தானத்தின் மன்னர் மூன்று சிவிங்கிகளைச் சுட்டுக் கொன்றார். இந்தியாவில் பதிவான கடைசிச் சிவிங்கிகள் அவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1952இல் அரசு, சிவிங்கி இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோவில் விட்டார்கள். அது வல்லநாட்டுக்கு வெகு தொலைவு. இங்கே துரத்துவோர் இல்லை. நாய்களும் சாலையும்தான் உண்டு.

மகளையும் அழைத்துக்கொண்டு விடியும் முன்பே போயிருந்தேன். உடைமரங்களுக்கு இடையில் நெடுநேரம் காத்திருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியபோது பிணைகளின் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. சற்றுத் தள்ளி ஒரு கலைமான், முதுகு கறுத்து, கொம்பு திருகி. மகளுக்குத் தும்மல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சின்னச் சத்தத்துக்கு முழுக் கூட்டமும் தரையை விட்டு எழும்பிற்று. முதல் சில பாய்ச்சல்கள் மேல்நோக்கி, பிறகு முன்னோக்கி. எண்ணி முடிப்பதற்குள் வெட்டவெளி காலியாக இருந்தது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. சிவிங்கியைக் கண்ணால் கண்டிராத மான்கள் அவை. அவற்றின் தாய்களும் கண்டிருக்கமாட்டா.

தொலைவில் அவை நின்றன. திரும்பிப் பார்த்தன. பின்பு ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து மேயத் தொடங்கின. “அவ்ளோதானா? பயம் போயிருச்சா?” என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விதான் எனக்கு அன்று கிடைத்தது. ஓடும் கால்களை முன்னோர் தந்துவிட்டார்கள். அதில் மானுக்குத் தேர்வு இல்லை. ஆனால் ஓடி முடித்ததும் அது மேய்கிறது. அப்பாவால் அது இயலவில்லை. அவர் திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தாலும் சோறு இறங்காது.

அகநானூற்றின் நான்காம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். குறுங்குடி மருதனார் பாடியது. மழை பெய்த முல்லை நிலத்தில், பரல்கள் நிறைந்த பள்ளங்களில் இரலை துள்ளுகிறது. வீடு திரும்பும் தலைவன், பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் எப்போதும் அந்த மணியைப் பற்றியே விரிவாகப் பேசுவேன். இரலையைக் கருப்பொருள் என்று சொல்லிக் கடந்துவிடுவேன். பாடத்தை உரிய காலத்துக்கு முன்பே முடித்துவிடுகிற ஆசிரியன் என்று எனக்குத் துறையில் நல்ல பெயர். மின்கட்டணத்தைக் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே கட்டுகிறவன் நான். இதையெல்லாம் இதுவரை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

இந்த ஆண்டு அந்தப் பாட்டில் இரலையிடம் சற்று நின்றேன். அது துள்ளுவது எதற்கும் பயந்து அன்று. மழை பெய்திருக்கிறது, புல் முளைத்திருக்கிறது, அதனால் துள்ளுகிறது. சிவிங்கி தந்த அதே கால்கள்தான். அன்று மணி அடித்தபோது பாட்டு முடியவில்லை. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; என் வகுப்பில் அப்படி நடந்ததில்லை.

வினாடி வினாவில் மகளுக்கு இரண்டாம் பரிசு. சிவிங்கி என்று எழுதியதை ஏற்றுக்கொண்டார்களாம். அன்றிரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் தட்டு காலியாகிவிட்டதைக் கவனித்து நிமிர்ந்தபோது, மகளின் தட்டும் காலியாக இருந்தது. மனைவி அப்போதுதான் ரசத்துக்கு வந்திருந்தாள்.

“ஏன்மா இவ்வளவு அவசரம்? மெதுவாச் சாப்பிடு” என்றேன்.

“நீங்க மொதல்ல மெதுவாச் சாப்பிடுங்கப்பா” என்றாள்.

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.