கயிறு அவிழ்ந்தால்...

ராயகிரிக்குப் போனால் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நிற்காமல் திரும்பமாட்டேன். மேற்கே மலை, எதிரே தண்ணீர். பள்ளிக்கூட நாளில் இங்கேதான் வாழைமரத் தெப்பம் கட்டிப் போட்டி விட்டோம். எங்கள் தெப்பத்தில் ஆறு பேர். பாதியில் கயிறு அவிழ்ந்தது. 'விடாதீங்கலே, ஜெயிச்சிரலாம்!' என்று கத்தியது அடியேன்தான்! கரையேறிப் பார்த்தால் ஐந்து பேர். ஆறாவது ஆள் நடுக்குளத்தில் ஒற்றை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனை இழுத்து வந்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

ஹவாயில் மோலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்கு, பக்கவாட்டில் மிதவை கட்டிய தோணிகளில் போட்டி நடந்திருக்கிறது. 1952-ல் ஆரம்பித்தது. தோணிக்கு ஆறு துடுப்பு. கவிழ்ந்தால் அவர்களுக்கு முதல் வேலை, தலை எண்ணுவது. அப்புறம்தான் தோணியை நிமிர்த்துவது, நீர் இறைப்பதெல்லாம்.

இன்றும் ஊரில் அந்த ஆறாவது ஆள் என்னைப் பார்த்தால் கேட்பான்: 'என்ன மாப்ளே, எல்லாரையும் எண்ணிட்டியா?'