ஒருவர் தூக்கும் ஓடம்

நீரில் படகு நம்மைச் சுமக்கிறது. நிலத்தில் நாம் படகைச் சுமக்கிறோம். படகு வாங்க நினைப்போர் பெரும்பாலும் முன்னதையே எண்ணுகின்றனர். எவ்வளவு விரைவாகச் செல்லும், அலையில் நிலைகுலையாமல் நிற்குமா, எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று கேட்கின்றனர். வீட்டிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து கரைக்கும் இடையே உள்ள சில கஜ தூரம் எவருடைய கணக்கிலும் வருவதில்லை. ஒருவர் ஏரிக்குப் போவாரா, வீட்டிலேயே இருந்துவிடுவாரா என்பதை முடிவு செய்வதோ அந்தச் சில கஜமே.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள அடிரோண்டாக் மலைநாட்டில் சில ஆண்டுகள் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஏரிகளும் குளங்களுமாக மூவாயிரம் நீர்நிலைகள் நிறைந்த நாடு அது. கோடை வந்துவிட்டால் கார்களின் கூரைமீது படகுகள் முளைத்துவிடும். அவற்றுள் பல, கயாக் எனப்படும் சிற்றோடங்கள். ஒருவர் மட்டுமே காலை நீட்டி அமரக்கூடிய ஒடுங்கிய படகு, மேற்புறம் மூடியிருக்கும், இரு முனையிலும் அலகு கொண்ட ஒற்றைத் துடுப்பால் வலமும் இடமுமாக மாறி மாறி வலித்துச் செல்ல வேண்டும்.

நம் பங்கில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். அவரும் கணவரும் நாற்பது ஆண்டுகளாக ஓர் அலுமினிய ஓடத்தில் ஏரி சுற்றியவர்கள். முப்பது கிலோவுக்கு மேற்பட்ட அந்த ஓடத்தை இருவருமாகத் தூக்கிக் கார்மேல் ஏற்றுவது அவர்களுடைய வழக்கம். கணவர் மறைந்தபின் இரண்டு கோடைகள் ஓடம் கொட்டகையில் தொங்கியே கிடந்தது. ஏரியோ வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவுதான். துடுப்பு வலிக்க அவருக்கு வலிமை இருந்தது. படகைத் தூக்கத்தான் துணை இல்லை. பிள்ளைகள், "சொல்லுங்கள் அம்மா, வந்து ஏற்றித் தருகிறோம்" என்றனர். உண்மையான அன்போடுதான் சொன்னார்கள். அவரோ ஒருமுறையும் அழைக்கவில்லை.

உதவி கேட்பது இழிவன்று. ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவதே சமூக வாழ்வு. ஆயினும் நாள்தோறும் கேட்க வேண்டிய உதவி, நாளடைவில் கேட்கப்படாமலேயே நின்றுவிடுகிறது. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, "இன்று போகலாம்" என்று தோன்றும் அந்த நொடியில், இன்னொருவரைத் தொலைபேசியில் அழைத்து நேரம் குறிக்க வேண்டும் என்றால், அந்த எண்ணம் அங்கேயே அவிந்துவிடும். இதை உணர்ந்த அம்மையார், தாம் ஒருவராகவே ஏற்றி இறக்கக்கூடிய படகு ஒன்றைத் தேடலானார். சில நாள்கள் நாமும் அவரோடு சென்றோம்.

முதலில் அவர் நம்மை அழைத்துச் சென்றது கடைக்கு அன்று. ப்ளூ மவுண்டன் லேக் என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு. அங்கே ஒன்பதடி நீளமுள்ள தேவதாரு மரப் படகு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் எடை பத்தரைப் பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கும் குறைவு. அதைச் செய்வித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 1821-இல் பிறந்தவர், செருப்புத் தைக்கும் தொழிலாளி, 'நெஸ்மக்' என்னும் புனைபெயரில் காட்டுப் பயணக் கட்டுரைகள் எழுதியவர். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், எடை ஐம்பது கிலோவை ஒட்டியது, மார்பு நோயாளி.

அந்நாளில் அடிரோண்டாக் ஏரிகளுக்கு வரும் செல்வந்தர்கள் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவர். ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்கும் வரையுள்ள காட்டுப் பாதையில், முப்பது கிலோ எடையுள்ள படகை அவரே தோளில் சுமப்பார். சியர்ஸிடம் அத்தகைய வசதியும் இல்லை; பிறர் தோளில் பயணம் செய்யும் விருப்பமும் இல்லை. எனவே கான்டன் என்னும் ஊரில் படகு கட்டிவந்த ஜே. ஹென்றி ரஷ்டனுக்கு எழுதித் தம் உடலுக்கேற்ற படகு கேட்டார். 1880-இல் கிடைத்த முதற்படகு எட்டுக் கிலோ. அதுவும் கனமென்று மேலும் மேலும் குறைக்கச் சொன்னார். இறுதியில் பத்தரைப் பவுண்டுப் படகு பிறந்தது. 'சேரி கேம்ப்' என்று அதற்குப் பெயர். டிக்கன்ஸ் நாவல் ஒன்றில் வரும், தண்ணீரையே விரும்பாத செவிலியின் பெயர் அது. தம் படகும் உள்ளே தண்ணீர் புக விடாது என்பது அவருடைய நகைச்சுவை. திறந்த ஓடமாயினும் கயாக் போலவே அடித்தளத்தில் அமர்ந்து, இரட்டை அலகுத் துடுப்பால் வலித்து, 1883-ஆம் ஆண்டு கோடையில் 266 மைல் பயணம் செய்தார். அப்போது அவருக்கு வயது 61.

அப்படகைப் பார்த்தபோது நமக்கு விளங்கியது இதுதான்: சிறந்த படகு எது என்று சியர்ஸ் கேட்கவில்லை, தமக்கு ஏற்றது எது என்று கேட்டார். வடதுருவ இன்யுவிட் மக்களும் அவ்வாறே செய்தனர். கயாக் அவர்கள் உலகுக்குத் தந்த கொடை. கடலில் மிதந்துவரும் மரத்தால் சட்டம் அமைத்து, கடல்நாய்த் தோலைப் போர்த்திய அப்படகை, வேட்டைக்காரரின் கைவீச்சையும் இடுப்பகலத்தையும் அளவாகக் கொண்டே கட்டினர். வேட்டை முடிந்ததும் அவர் ஒருவராகவே அதைத் தூக்கி வருவார்.

பிறகுதான் கடைகளுக்குச் சென்றோம். இன்று பெருவாரியாக விற்கும் கயாக்குகள் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பன்னிரண்டு அடிப் படகு இருபது முதல் இருபத்தைந்து கிலோ இருக்கும். நம் ஊர்களில் வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொண்டால் எடை புரியும். அந்த எடையைப் பன்னிரண்டு அடிக்கு நீட்டித் தலைக்குமேல் தூக்க வேண்டும். விலை குறைவு, பாறையில் உரசினாலும் தாங்கும். கண்ணாடி இழைப் படகு பொதுவாக அதைவிட எடை குறைவு. கெவ்லர், கார்பன் இழைகளால் ஆனவை இன்னும் இலேசு. கெவ்லர் என்பது 1965-இல் ஸ்டெஃபனி க்வாலெக் என்னும் பெண் வேதியியலாளர் கண்டுபிடித்த இழை. அதனால் செய்யப்படும் பத்தரை அடித் திறந்த ஓடங்கள் பத்துக் கிலோவுக்கும் குறைவாகவே உள்ளன. ஆனால் விலை பல மடங்கு ஏறும். கூரிய கற்களில் இழுத்துச் செல்ல இயலாது. பெருங்காற்றடித்தால் இலேசான படகு எளிதில் திசை மாறும்.

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கயாக்கைக் காட்டி, "தூக்கிப் பாருங்கள்" என்றார். அம்மையார் தூக்கினார், முடிந்தது. கடைக்காரர் மகிழ்ந்தார். அம்மையாரோ கடையை மூன்று முறை சுற்றி வந்து மீண்டும் தூக்கினார். பிறகு மூன்றாம் முறை. கைகள் நடுங்கின. "ஃபாதர், நான் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் இருக்கும் கை இதுதான்" என்றார்.

அவர் சொன்னதில் முழு உண்மையும் அடங்கியிருந்தது. காலையில் புறப்படும்போது ஆர்வமும் சேர்ந்து தூக்கும். மூன்று மணி நேரம் துடுப்பு வலித்து, ஈர உடையோடு கரையேறி, வழுக்கும் கற்களில் நின்று அதே படகை மீண்டும் ஏற்ற வேண்டியது மாலையில். காலைக் கைக்கு ஏற்ற படகை வாங்கியவர்கள் இரண்டொரு முறைக்குப்பின் போகாமலிருப்பதை அங்கே பல வீடுகளில் கண்டோம்.

இறுதியில் அவர் பதினான்கு கிலோ எடையுள்ள கெவ்லர் கயாக் ஒன்றைத் தேர்ந்தார். அமரும் துளையின் விளிம்பைத் தோளில் பொருத்தினால் முன்னும் பின்னும் சாயாமல் நின்றது. கார் கூரையில் ஏற்றும்போது முழு எடையையும் அவர் தூக்குவதில்லை. பின்புறக் கண்ணாடிமேல் துண்டை விரித்து, முன்முனையை மட்டும் தூக்கிப் பின்சட்டத்தில் சாய்ப்பார். பிறகு பின்முனையைத் தூக்கி முன்னோக்கித் தள்ளுவார். ஒவ்வொரு முறையும் கைக்கு வருவது ஏறத்தாழப் பாதி எடையே.

இதைக் கண்டபோது நம் கடற்கரைக் கட்டுமரம் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் இரட்டைப் படகைக் குறிக்கும் 'கட்டமரான்' என்னும் சொல்லே நம் சொல்லிலிருந்து பிறந்ததன்றோ! நீரில் ஊறிக் கனத்த மரங்களை, கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சுமந்து மணலில் உலர்த்துவர் நம் மீனவர். முழுதாகச் சுமக்க இயலாததைப் பிரித்துச் சுமக்கும் அறிவு அது. இன்றைய கண்ணாடி இழைப் படகு கடலில் விரைவுதான். கரையேற்றவோ பல கைகள் வேண்டும்.

தனியே செல்வதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அச்சம் இருந்தது, அது நியாயமானதே. அம்மையார் மிதவை உடுப்பின்றி ஒருநாளும் நீரில் இறங்குவதில்லை. குளிர் மிகுந்த நவம்பர் 1 முதல் மே 1 வரை சிறு படகில் செல்வோர் அதை அணிந்தே ஆகவேண்டும் என்பது அம்மாநிலச் சட்டமும் ஆகும். கரையை ஒட்டியே சென்றார். திரும்பும் நேரத்தை அண்டை வீட்டில் சொல்லிவிட்டே புறப்பட்டார். பழைய ஓடத்தைப் பேரனுக்குக் கொடுத்தார். அந்தக் கோடையில், ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தால், ஆலய முற்றத்தில் நிற்கும் அவருடைய காரின் கூரைமேல் படகு கட்டப்பட்டிருப்பதைக் காண்போம்.

வாசக அன்பர்களில் கயாக் வாங்குவோர் மிகச் சிலரே இருப்பர். ஆனால் தனியே வாழும் பெற்றோருக்கு ஏதேனும் ஒரு பொருள் வாங்கித் தருவோர் பலர். உறுதியானதா, பெரியதா, நெடுநாள் உழைக்குமா என்றே பார்க்கிறோம். இருபது லிட்டர் கேனை வீட்டுக்கு வரவழைத்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைக்க அண்டை வீட்டுப் பையனுக்காக அம்மா காத்திருப்பதை அறியாமலே இருக்கிறோம். அடுத்த முறை எதையேனும் வாங்குமுன் அவரையே தூக்கிப் பார்க்கச் சொல்வோம். அதையும் மாலை வேளையில், வேலையெல்லாம் முடிந்தபின்.