"யாரெல்லாம் பார்ப்பாங்க?" - கூடத்துக் கேமராவும் அம்மாவின் துண்டும்!

அப்பா போன பிறகு மயிலாடுதுறை வீட்டில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். வயது 68. சென்னைக்கு வந்துவிடச் சொன்னால், "கொல்லையில இருக்கிற முருங்கையை யாரு பார்க்கறது?" என்பார். பக்கத்துத் தெருவில் ஒரு பைக் திருடுபோனது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே, சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் மகள் முடிவெடுத்துவிட்டாள். நாலு கேமரா, ஒரு ரெக்கார்டர். வாசல், பக்கத்துச் சந்து, கொல்லை, கூடம்.

"கூடத்துல எதுக்குடி?"

"நீ வழுக்கி விழுந்தா எனக்குத் தெரிய வேணாமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தாம்மா."

அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரிய மூன்று மாதம் ஆனது.

கேமரா மாட்ட வந்த பையன் வேலையில் கெட்டி. ஒரே நாளில் ஒயர் இழுத்து, ரெக்கார்டரைப் படுக்கையறைப் பரணில் வைத்து, அங்கிருந்து கூடத்து ரௌட்டருக்கு லேன் கேபிள் போட்டு, அவளுடைய மொபைலில் ஆப்பையும் ஏற்றிக் கொடுத்துவிட்டான். சென்னையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆப்பைத் திறப்பாள். கூடம் தெரியும். அம்மா தெரிவார். உடனே போன். "மணி ரெண்டாச்சு, சாப்பிடாம ஏன் படுத்துட்ட?"

சில நாள்களில் மதியமானால் கூடத்துக் கேமராவில் வெறும் சிவப்பு நிறம் தெரிய ஆரம்பித்தது. ஈரத் துண்டு. "காய்றதுக்கு வேற இடம் இல்லடி" என்றார் அம்மா. முப்பதடி நீளத்துக்குக் கொல்லையில் கொடி கட்டியிருக்கிற வீடு அது!

மார்கழி முடிகிற சமயம், இன்டர்நெட் கம்பெனி பழைய ரௌட்டரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியது. அன்றிலிருந்து ஆப்பில் 'ஆஃப்லைன்'. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், இந்த முறை யாரையும் கூப்பிடாமல் தானே சரிசெய்வது என்று உட்கார்ந்தாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கூடத்து டிவியோடு இணைத்து, ஒரு மவுஸைச் செருகினாள்.

முதல் ஆறுதல், பதிவு நிற்கவே இல்லை. நெட் போனால் வெளியூரிலிருந்து பார்ப்பதுதான் நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் தன் பாட்டுக்குப் பதிந்துகொண்டிருக்கும். ஒரு டெராபைட் டிஸ்க் என்றால் நாலு கேமராவுக்குச் சுமார் பத்து நாள் படம் நிற்கும். அப்புறம் பழையது அழிந்து புதியது ஏறும்.

சிக்கல் முகவரியில் இருந்தது. வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. பெரும்பாலான வீடுகளில் அதன் முதல் மூன்று எண்கள் தெருப் பெயர் மாதிரி, கடைசி எண் கதவு எண் மாதிரி. பழைய ரௌட்டரின் தெரு 192.168.0. புதியதன் தெரு 192.168.1. ரெக்கார்டரில் பழைய முகவரியை நிலையாக எழுதி வைத்திருந்ததால், அது இன்னும் பழைய தெருவிலேயே நின்றுகொண்டிருந்தது. கேபிள் சரி, விளக்கு மினுக்குகிறது, ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. முகவரி, கேட்வே இரண்டையும் புதிய தெருவுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் 'டிஹெச்சிபி' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால், ரௌட்டரே ஓர் எண்ணைக் கொடுத்துவிடும்.

அந்த மெனுவுக்குள் போகத்தான் பாஸ்வேர்டு கேட்டது. பையனுக்குப் போன் போட்டாள்.

"அட்மின்... அப்புறம் அட்மின் ஒன் டூ த்ரீ, அக்கா. எல்லா வீட்டுக்கும் அதான் வப்பேன். மறக்காது பாருங்க!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. 2016-ல் 'மிராய்' என்ற கெட்ட நிரல் உலகம் முழுக்கப் பரவியது இந்த வழியில்தான். கம்பெனிகள் போட்டுக்கொடுக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எது திறக்கிறதோ அந்தக் கருவி அதன் அடிமை. அடிமையானவற்றில் ஏராளமானவை இதே மாதிரி கேமராக்களும் ரெக்கார்டர்களும். அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி அவற்றை ஏவி 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திறக்கவில்லை. யார் வீட்டுக் கேமராவோ யாரையோ அடிக்கப் போயிருக்கிறது; வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பாஸ்வேர்டை மாற்றினாள். பதினாலு எழுத்து, நோட்டில் எழுதி பீரோவில் வைத்தாள். (பெட்டி மேலேயே ஸ்டிக்கரில் ஒட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள்!) 'யூபிஎன்பி' என்ற வசதி ஆன் ஆகி இருந்தது. ரௌட்டரில் வெளியிலிருந்து வரும் வழியை, கேட்காமலேயே திறந்துவிடக் கூடியது அது. அதை அணைத்தாள். மொபைலில் பார்க்க அந்த வழி தேவையும் இல்லை. ரெக்கார்டரே கம்பெனியின் சர்வருக்குப் போய்ப் பேசும்; பெட்டியின் அடியில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும்.

ஸ்கேன் செய்தாள். 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது' என்று வந்தது.

இரண்டு முறை படித்தாள். அவள் மொபைலில் மூன்று மாதமாக ஓடியது வெறும் 'ஷேர்' செய்யப்பட்ட காட்சி. உரிமையாளர் வேறு. மறுபடியும் போன்.

"ஆமாக்கா, என் அக்கவுன்ட்லதான் இருக்கு. சர்வீஸுக்கு ஈஸின்னு எல்லாருக்கும் அப்படித்தான் செய்வேன். யாருக்கா உட்கார்ந்து பார்க்கப்போறா? என் போன்ல நாப்பது வீடு கெடக்கு!"

அவன் பார்த்திருக்க மாட்டான். அவள் அதை நம்பினாள். நல்ல பையன்தான். அவள் சொன்னதும் அந்த நிமிடமே தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டான். ஆனால், நாற்பது வீட்டுக் கூடங்களை ஒருவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்கிறான், அந்த நாற்பது வீட்டிலும் இது யாருக்கும் தெரியாது. போனைத் தொலைத்தான் என்றால்?

அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாரிம்மா. நான் மட்டும்தான் பார்க்கிறேன்னு சொன்னேன்..."

"அவன் பார்த்தானோ இல்லையோ, விடு. நீ மட்டும் பார்த்தாலும் எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. சேலை நெகிழ்ந்து கெடந்து தூங்குற வயசுடி இது. கண்ணு முழிச்சா மேல ஒரு சிவப்பு விளக்கு. அப்புறம் நீ போன் பண்ணி, ஏன் சாப்பிடலைங்கிற. பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு."

நெட்வொர்க்கைச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இந்தப் பேச்சுக்குப் பிறகு அவள் ரொம்ப நேரம் மவுஸைத் தொடவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று அந்தப் பையனே வந்து, காசு வாங்காமல், கூடத்துக் கேமராவைக் கழற்றிக் கொல்லைக் கதவுக்கு மேலே மாட்டினான். வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் அப்படியேதான் இருக்கிறது. அதற்காக எதிர்வீட்டு மாமியிடம் ஒரு சாவி. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன். அம்மாவின் மொபைலிலும் ஆப் ஏறியது. அதற்குத் தனிப் பயனர் பெயர். பார்க்க மட்டும் முடியும், எதையும் மாற்ற முடியாது. அவர் அதை எப்போது திறக்கிறார் என்று மகளுக்குத் தெரியாது.

போன வாரம் ராத்திரி எட்டு மணிப் போன் காலை ஏழுக்கே வந்தது.

"சந்துக் கேமராவுல பாரு. அந்தச் சாம்பல் பூனை மூணு குட்டி போட்டிருக்கு."

"ஆபீஸுக்குக் கிளம்பிட்டேம்மா, சாயங்காலம் பார்க்கிறேன்."

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்று அம்மா போனை வைத்துவிட்டார்.